பதிலை விற்றுப் பணம் பார்க்கலாமா?

கடைக்கு வரும் வாடிக்கையாளர் எத்தனையோ கேள்வி கேட்கிறார். எந்தக் கம்பி துருப்பிடிக்காது, எந்த அரிசி பிரியாணிக்கு உதிரியாக வரும், கிணற்றுக்கு எத்தனை குதிரைவலு மோட்டர் போதும் என்றெல்லாம் கேட்பார். நாமும் சளைக்காமல் சொல்கிறோம். சரக்கு விலைபோனால் சரி, பதிலுக்கென்று தனியாகக் கூலி வாங்குவதில்லை. ஆனால் சரக்கே இல்லாமல் பதிலை மட்டும் விற்கும் வியாபாரம் இணையத்தில் இருபது வருடங்களுக்கு மேலாக நடந்து வருகிறது. "வீட்டிலிருந்தபடியே கேள்விகளுக்குப் பதில் சொல்லி மேலதிக வருமானம் பெறுங்கள்" என்று எமது பிள்ளைகளின் கைத்தொலைபேசிக்கு வரும் விளம்பரங்களுக்கும் அதுவே மூலம். அதில் மெய் எவ்வளவு, பொய் எவ்வளவு என்பதை வியாபாரக் கணக்கோடு பார்ப்போம்.

தீவகத்தவருக்கு இத்தொழிலில் ஒரு வசதி உண்டு. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குக் கொண்டு போகும் ஒவ்வொரு மூடை சீமெந்துக்கும் ஏற்றுகூலி, இறக்குகூலி, படகுக்கூலி என்று விலை ஏறுகிறது. கடல் கொந்தளித்தால் சரக்கு துறையிலேயே கிடக்கும். பதிலுக்குப் படகுக்கூலி கிடையாது. ஊர்காவற்றுறையிலோ நயினாதீவிலோ இருக்கும் ஒரு பட்டதாரிப் பெண்ணின் பதிலும், கொழும்பில் இருப்பவரின் பதிலும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும். வேண்டியவை மின்சாரமும் இணைய இணைப்பும்தான். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் சூரிய ஒளி, காற்று என்பவற்றைக் கொண்டு மின்சாரம் பெறும் திட்டத்துக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதற்கு இந்திய அரசு 11 மில்லியன் டொலர் நன்கொடை வழங்கியது.

திறந்த கடைகளும் மூடிய கடைகளும்

கூகுள் நிறுவனம் 2002 ஏப்ரலில் 'கூகுள் ஆன்ஸர்ஸ்' என்ற சேவையை ஆரம்பித்தது. கேள்வி கேட்பவரே 2 டொலர் முதல் 200 டொலர் வரை விலை குறிப்பார். தேர்ந்தெடுக்கப்பட்ட ஆய்வாளர் ஒருவர் தேடிப் பதில் எழுதுவார். விலையில் முக்கால் பங்கு அவருக்கு, கால் பங்கு கூகுளுக்கு. நேர்மையான ஏற்பாடுதான். ஆனாலும் 2006 முடிவில் புதிய கேள்விகளை ஏற்பது நின்றது. அதற்கு ஒரு வருடம் முன்னரே 'யாகூ ஆன்ஸர்ஸ்' இலவசமாகப் பதில் தரத் தொடங்கியிருந்தது. அங்கே பதில் சொன்னவர்களுக்குக் கிடைத்தது புள்ளிகள் மட்டுமே. அதுவும் 2021 மே மாதம் மூடப்பட்டது.

அமெரிக்காவின் 'சாச்சா' நிறுவனம் கைத்தொலைபேசிக் குறுஞ்செய்தியில் வரும் கேள்விகளுக்கு ஆட்களை வைத்துப் பதில் அனுப்பியது. ஒரு பதிலுக்குக் கூலி சில அமெரிக்க சதங்கள், கூடினால் இருபது சதம். 2016 டிசம்பரில் அதற்கும் பூட்டு விழுந்தது.

எமக்கு அருகில் நடந்தது 'செக்' நிறுவனத்தின் கதை. அமெரிக்க மாணவர்கள் மாதச் சந்தா கட்டிக் கேட்ட பாடக் கேள்விகளுக்கு, இந்தியாவிலிருந்த பல்லாயிரம் பட்டதாரிகள் வீட்டிலிருந்து பதில் எழுதினார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் பணம் கிடைத்தது. பின்னர் சாட்ஜிபிடி வந்தது. அதனால் தமது வியாபாரம் பாதிக்கப்படுகிறது என்று 2023 மே மாதம் நிறுவனம் அறிவித்ததும், அதன் பங்கு விலை ஒரே நாளில் ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. 2025 ஒக்டோபரில் தனது ஊழியர்களில் 45 சதவீதத்தினரை நீக்குவதாகவும் அறிவித்தது.

இதிலிருந்து தெரிவது என்ன? எல்லோருக்கும் தெரிந்த பதிலுக்கு இனி விலை இல்லை. இயந்திரம் அதை இலவசமாகச் சொல்லிவிடும். மருத்துவர், சட்டத்தரணி, கணக்காளர், வாகனத் திருத்துநர் போன்றோர் அனுபவத்தால் சொல்லும் பதிலுக்கே விலை நிற்கிறது. அந்த இயந்திரங்களின் பதில்களைச் சரிபார்த்துத் திருத்தும் வேலையும் புதிதாக வந்திருக்கிறது. ஆனால் அது நிரந்தரமானதல்ல.

நான்கு கணக்குகள்

முதலாவது, மணிக் கணக்கு. 20 டொலர் கேள்வியில் முக்கால் பங்கு 15 டொலர். அதற்கு மூன்று மணித்தியாலம் தேடினால் மணிக்கு 5 டொலர்தான். இருபது சதத்துக்கு மணிக்குப் பதினைந்து பதில் எழுதினால் 3 டொலர். விளம்பரத்தில் இருக்கும் தொகையைப் பார்க்காமல் மணிக் கூலியைப் பாருங்கள்.

இரண்டாவது, பணம் வந்து சேரும் வழி. பேபால் வழியே இலங்கையர் பணம் செலுத்த முடிந்ததே தவிரப் பெற முடியாமல் நீண்ட காலம் தவித்தனர். பலர் பயோனியர் வழியாகப் பெற்றனர். எந்த வழியில், எவ்வளவு கழிவு போக வரும் என்பதை வேலை தொடங்கும் முன் கேட்டறிய வேண்டும். வெளிநாட்டுச் சேவை வருமானத்துக்கு 2025 ஏப்ரல் 1 முதல் வரியும் உண்டு. ஆண்டு வருமானத்தில் முதல் 18 இலட்சம் ரூபாய்க்கு விலக்கு. அதற்கு மேற்பட்ட தொகை அந்நியச் செலாவணியாக வங்கி வழியே வந்தால் வரி வீதம் ஆகக் கூடியது 15 சதவீதம்.

மூன்றாவது, வேலையின் தன்மை. கொரோனாக் காலத்தில் செக் தளத்துக்கு வந்த கேள்விகளை லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்து 2021 இல் வெளியிட்டார்கள். ஐந்து பாடங்களில் அவை முந்திய வருடத்தைவிட ஏறத்தாழ மூன்று மடங்காகியிருந்தன. பரீட்சை மண்டபம் வீட்டுக்குள் வந்ததும் மாணவர் பலர் விடையை விலைக்கு வாங்கினார்கள் என்பதே அவர்களின் சந்தேகம். அத்தகைய பதிலை விற்பது தராசில் கள்ளம் செய்வது போன்றது. அந்தக் காசு வீட்டுக்குள் வரவேண்டாம்.

நான்காவது, முதல் கேட்பவரா என்பது. டெலிகிராம், வட்ஸ்அப் வழியே வருபவர்கள் முதலில் நாலைந்து சுலபமான கேள்விக்குச் சிறு தொகை போடுவார்கள். பிறகு "பெரிய வேலைக்கு வைப்புப் பணம் கட்டுங்கள்" என்பார்கள். கட்டிய பணத்தை எடுக்க இன்னொரு தொகை கேட்பார்கள். நகையை அடகு வைத்துக் கட்டியவர்களும் உண்டு. வேலைக்காரன் முதலாளிக்குக் கூலி கொடுக்கும் வேலை உலகில் எங்கும் கிடையாது. ஆள் சேர்த்தால் கொமிஷன் என்பதும் அதே வலைதான். பிரமிட் திட்டங்கள் இலங்கையில் வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம். சேர்த்துவிட்டவரும் தப்ப முடியாது.

ஆகவே கடையை மூடிவிட்டு இதில் இறங்க வேண்டாம். படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் மாலையில் இரண்டு மணித்தியாலம் செய்து பார்க்கட்டும். வரும் பணத்தை வீட்டுச் செலவில் கரைக்காமல், நாளை அந்தத் தளம் மூடினாலும் கைகொடுக்கும் ஒரு தொழிலைக் கற்க அவர்களுக்கே செலவிடுங்கள்.