நாய்களின் நாசிக்குழிக் கழலைகள்: நோய் நிர்ணயமும் சிகிச்சையும்

நாய்களில் தோன்றும் கழலைகளுள் நாசிக்குழியில் உண்டாவன ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றேயாகும். எனினும் அவற்றுட் பெரும்பாலானவை புற்றுத்தன்மை வாய்ந்தவை. பத்து வயதை அண்டிய நாய்களையும் நீண்ட மூக்குடைய இனங்களையும் இவை மிகுதியாகப் பற்றுகின்றன. இவற்றுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மேலணி இழையத்தில் தோன்றுவன; எஞ்சியவற்றுட் பல கசியிழையம், என்பு முதலியவற்றில் தோன்றுவன.

ஒரு நாசித்துவாரத்திலிருந்து மட்டும் குருதி கசிதல், ஓயாத தும்மல், மூச்சொலி, முகம் ஒருபுறம் புடைத்தல் என்பன இந்நோயின் முக்கிய குறிகள். இங்கு ஓர் எச்சரிக்கையை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம். கழலையோடு பற்றீரியாத் தொற்றும் சேர்வதுண்டு. ஆதலின் நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்ததும் சளி குறைகின்றது. நாயை வளர்ப்போர் நோய் தீர்ந்ததென நம்புகின்றனர். கழலையோ உள்ளே என்பை அரித்து வளர்கின்றது.

குருதிக் கசிவு கழலைக்கே உரிய குறியுமன்று. உண்ணிகளாற் பரவும் ஏர்லிக்கியா நோய், பங்கசுத் தொற்று, மூக்கினுட் புகுந்த புல்விதை ஆகியனவும் அதனை விளைவிக்கலாம். எனவே முதலில் குருதியையும் அது உறையும் தன்மையையும் பரிசோதித்தல் வேண்டும். பின்னர் மயக்கநிலையில் எக்ஸ்-கதிர்ப் படமோ, வசதியிருப்பின் சி.ரி. படமோ எடுக்கப்படும். நாசிக்குழியை மூளையிலிருந்து பிரிக்கும் மெல்லிய என்புத்தகடு சிதைந்துள்ளதா என்பதைச் சி.ரி. படம் தெளிவாகக் காட்டும். ஆயினும் கழலையின் வகையைத் துணிவது இழையத் துண்டின் நுணுக்குக்காட்டிப் பரிசோதனையே. துண்டெடுக்கும் கருவியில், நாசித்துவாரத்திலிருந்து கண்ணின் உட்கோணம் வரையுள்ள நீளத்தை முன்னரே அளந்து குறித்தல் வேண்டும். அதற்கப்பாற் கருவி செல்லின் மூளை ஊறுபடலாம்.

139 நாய்கள் பற்றி 2006இல் வெளியான ஆய்வொன்றில், மேலணிப் புற்றுக்குச் சிகிச்சை பெறாதவற்றின் இடைநிலை ஆயுட்காலம் 95 நாள்களே எனக் கண்டறியப்பட்டது. அறுவைச் சிகிச்சை மட்டும் இதனைப் பெரிதும் நீட்டுவதில்லை. கதிர்ச் சிகிச்சையே முதன்மையானது. அதனைப் பெற்ற நாய்கள் பல ஓராண்டுக்கு மேலும் வாழ்கின்றன. அவ்வசதி இல்லாதவிடத்து, அழற்சியையும் நோவையும் தணிக்கும் மருந்துகளால் துன்பத்தைக் குறைக்கலாம்.

ஆனால் நாசியில் வளரும் கழலை யாவும் இத்தகையனவல்ல. புணர்ச்சியாலும் முகர்தலாலும் நக்குதலாலும், உயிருள்ள கலங்களாகவே நாய்க்கு நாய் தொற்றும் கழலையொன்று உண்டு. அது நாசிக்குழியிலும் வளர்வதுண்டு. கட்டின்றித் திரியும் நாய்கள் மலிந்த வெப்பவலய நாடுகளில் இத்தொற்றுக்கழலை அரிதன்று. புறத்தோற்றத்தில் ஏனையவற்றை ஒத்திருப்பினும், வாரமொருமுறை வின்கிறிஸ்ரீன் ஊசிமருந்தை ஏற்றுவதால் இது பெரும்பாலும் முற்றாகக் குணமாகின்றது. இழையப் பரிசோதனையின்றி, தீராத புற்றெனக் கருதிக் கருணைக்கொலை செய்யப்படும் நாய், சில வாரச் சிகிச்சையாற் பிழைத்திருக்கக் கூடியதாகவும் இருக்கலாம் என்பதை நாம் மறத்தலாகாது.