திருக்கைத் தொட்டிக்குச் சிம் போதும்

ஒரே அடுப்பு, ஒரே தீ. இரண்டு பேருக்கு வைத்த உலை சில நிமிடத்தில் கொதித்துவிடும். அதே தீயில் விருந்து அண்டாவை ஏற்றினால் அரை மணி கழித்தும் வெதுவெதுப்புதான். ஆறுவதும் அப்படியே: சின்னப் பாத்திரம் சீக்கிரம், அண்டா சாவகாசமாக. நன்னீர்த் திருக்கை வளர்க்கும் தொட்டியிலும் கேள்விகள் இவைதான்: எவ்வளவு தண்ணீர், எவ்வளவு தீ, அடுப்பை அணைப்பது யார்?

தண்ணீர், தீ இரண்டையும் கணக்குப் போட்டுவிடலாம். 600 லிட்டர் தொட்டியை 1 டிகிரி செல்சியஸ் உயர்த்த ஏறக்குறைய 0.7 யூனிட் மின்சாரம் வேண்டும். 300 வாட் ஹீட்டருக்கு அது இரண்டே கால் மணி நேரத்துக்குச் சற்று மேலான வேலை. 1000 வாட் ஹீட்டர் 42 நிமிடத்தில் முடித்துவிடும். இடையில் அறைக்குள் கசியும் சூட்டை இதில் கழிக்கவில்லை.

அணைப்பவர், தெர்மோஸ்டாட். பல ஹீட்டர்களில் அது இரண்டு உலோகங்கள் ஒட்டிய ஒரு பட்டை. சூடு ஏறும்போது ஓர் உலோகம் அதிகமாக நீள்வதால் பட்டை வளைந்து மின்தொடர்பு விடுபடும். ஆறினால் மறுபடி சேரும். சேர்ந்து பிரியும் இடத்தில் சின்னப் பொறி பறக்கும். நாளாவட்டத்தில் அந்த முனைகள் கருகி, ஒருநாள் ஒன்றோடொன்று பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு அடுப்பை அணைக்க ஆளில்லை.

எங்கள் வீட்டு மோட்டோரோ திருக்கை போனது இப்படித்தான். இரவில் 27 டிகிரி இருந்த தொட்டி காலையில் 36. மணலோடு படிந்து கிடக்க வேண்டிய உடலின் விளிம்பு முழுவதும் மேல்நோக்கிச் சுருண்டிருந்தது. திருக்கை வளர்ப்பவர்கள் பார்க்கவே அஞ்சும் அடையாளம் அது.

அந்த ஒன்பது டிகிரி என்ன செய்கிறது? மீனின் உடல் தண்ணீரின் சூட்டிலேயே இருக்கும். பொதுவாக 10 டிகிரி ஏறினால் உடலின் ஆக்சிஜன் தேவை ஏறக்குறைய இரு மடங்காகும். தண்ணீரோ சூடேறச் சூடேறக் குறைவான ஆக்சிஜனைத்தான் தாங்கும்: 27 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராம், 36 டிகிரியில் 7-க்கும் கீழே. தேவை ஏறும் நேரத்தில் வரத்து இறங்குகிறது. கூடவே அம்மோனியாவில் நச்சான பங்கும் சூட்டோடு கூடும். கடல் திருக்கைகள் நைட்ரஜன் கழிவைப் பெரும்பாலும் யூரியாவாக ரத்தத்தில் தேக்கிவைத்திருக்கும். அமேசானிலும் பராகுவே ஆற்றிலும் வாழும் இந்த இனமோ ஆற்றுக்கு வந்தபின் அந்த வழக்கத்தை விட்டுவிட்டு, கழிவை அம்மோனியாவாகத் தண்ணீரில் தள்ளுகிறது. அதுவும் வயிறு நிறைய மாமிசம் தின்னும் மீன்.

ஆகவே என் கட்சி இது: நல்ல ஹீட்டர் என்றால் பலவீனமான ஹீட்டர். 1000 வாட் ஒன்றை விட 150 வாட் இரண்டு மேல். சென்னையின் மார்கழி இரவுக்கு வீட்டுக்குள் அந்தச் சிம் தீ போதும். இரண்டில் ஒன்று ஒட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் ஓடினாலும் 600 லிட்டரை அதனால் 2 டிகிரிகூட உயர்த்த முடியாது. இரண்டுக்கும் மேலே தனியாக ஒரு டெம்பரேச்சர் கன்ட்ரோலர் வைத்து, 29 டிகிரியில் மின்சாரத்தை வெட்டச் சொல்லிவிட்டால், அணைக்க இன்னொரு கையும் இருக்கிறது. ஹீட்டருக்குக் கூண்டு போட மறக்கக் கூடாது. சூடான கண்ணாடிமேல் சாய்ந்து படுத்துத் தோல் வெந்துபோன திருக்கைகள் உண்டு.

குளிர்ச்சியிலும் இதே கவனம் வேண்டும். 600 லிட்டரில் 200 லிட்டரை எடுத்துவிட்டு, மாடித் தொட்டியின் 21 டிகிரி தண்ணீரை ஊற்றினால் கலந்தபின் 25 வரும். கேட்க மோசமில்லை. ஆனால் குளிர்ந்த நீர் கனமானது. கலப்பதற்கு முன்பே அடியில் இறங்கும். திருக்கை படுத்திருப்பது அங்கேதான். மற்ற மீன்கள் மேலே விலகிப் போகலாம், இது 21-ஐ முழுதாக வாங்கிக்கொள்ளும். டிரம்மில் பிடித்து, சூடேற்றி, மெதுவாக விடுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

கோடையில் மூடியைத் திறந்து, வலை போட்டு, ஃபேன் காற்று படும்படி வைக்கலாம். 1 லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போனால் 600 லிட்டர் தொட்டி ஏறக்குறைய 1 டிகிரி குளிரும். கடலோரப் புழுக்கத்தில் ஆவியாவது மெதுவாக நடக்கும், ஆனாலும் நடக்கும். ஐஸ் கட்டி போடுவது வேண்டாம். அது மறுபடி அடியில் இறங்கும் குளிர்நீர்.

கரண்ட் போனால் பலரும் முதலில் தேடுவது போர்வையை. அண்டாவுக்கு அவசரமில்லை, அந்தச் சூடு மணிக்கணக்கில் தாங்கும். நின்றுபோவது ஃபில்டரும் காற்றும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்பை முதலில் போடுங்கள், போர்வையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.