திருகு இல்லாத சத்தம்

கிடாரின் ஒலியைக் குறைக்கலாம். டிரம்மை? அதை அடிப்பவரின் காதுதான் விலை கொடுக்கிறது

2011 அக்டோபர் 30 இரவு, பெங்களூர் அரண்மனை மைதானம். மெட்டாலிகா குழுவின் முதல் இந்திய நிகழ்ச்சி. இரண்டு நாள் முன்பு குர்கான் நிகழ்ச்சி ரத்தாகி ரகளையில் முடிந்திருந்ததால், திரண்டிருந்த பல்லாயிரம் இளைஞர்களிடம் கூடுதல் வெறி. ஆரவாரம் எப்படியும் அடங்கிவிடும். ஆனால் டிரம்களுக்கு நடுவே அமர்ந்திருந்த லார்ஸ் உல்ரிக்குக்கு அடங்காது. பல ஆண்டுகளாகவே அவருக்கு டின்னிட்டஸ்: வெளியே எந்த ஒலியும் இல்லாதபோதும் காதுக்குள் ஓயாத ரீங்காரம். நள்ளிரவில் விழித்து டிவியை அணைக்கப் போனால் அது ஏற்கெனவே அணைந்திருக்கும் என்று அவரே சொல்லியிருக்கிறார். மூக்கில் விழும் கீறல் ஒரு வாரத்தில் மறையும், காதில் விழுவது மறையாது என்பது இளைஞர்களுக்கு அவர் தரும் எச்சரிக்கை.

ராட்சத ஒலிபெருக்கிகள்மீது பழியைப் போடுவது சுலபம். ஆனால் மைக்கே இல்லாத சிறிய அறையில் அடிக்கும்போதும் டிரம் கலைஞரின் காதருகே 100 டெசிபல் சாதாரணம். ஸ்னேர் டிரம்மின் விளிம்போடு சேர்த்து ஓங்கி விழும் ஓர் அடி, கணநேரத்துக்கு 120ஐயும் தாண்டும். நிபுணர்கள் சொல்லும் கணக்கு இது: 85 டெசிபலில் நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். மாலையில் இரண்டு மணி நேரம் பயிற்சி செய்பவர், எட்டு நாள் ரேஷனை ஒரே நாளில் தீர்த்துவிடுகிறார்.

இயற்கை பாதுகாப்புத் தராமல் இல்லை. பெரும் சத்தம் கேட்டதும் நடுச்செவியிலுள்ள குட்டித் தசை ஒன்று இறுகி ஒலியை மட்டுப்படுத்துகிறது. ஆனால் அது விழித்துக்கொள்வதற்குள் குச்சியின் அடி முடிந்துவிடுகிறது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். உட்செவியில் ஒலியை உணரும் ரோம செல்கள் காதுக்குச் சுமார் 15,000. செத்தவை கோழிக்கு மீண்டும் முளைக்கும், மனிதனுக்கு முளைக்காது. பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் பகுதிதான் முதலில் போகிறது. குரல் கேட்கும், 'ச', 'ஸ' போன்ற எழுத்துகள் நழுவுவதால் சொல் பிடிபடாது. தன் சிம்பலே மங்கலாகக் கேட்பவர் இன்னும் ஓங்கி அடிக்கத் தொடங்குவார்.

கச்சேரி முடிந்ததும் காது அடைத்து, காலையில் சரியாகிவிட்டால் ஆபத்தில்லை என்பதே இசைக்குழுக்களின் நம்பிக்கை. 2009இல் அமெரிக்காவில் எலிகளிடம் நடந்த ஆய்வு இதை அசைத்தது. கேட்கும் திறன் பழைய நிலைக்குத் திரும்பிய பிறகும், செல்களை நரம்போடு சேர்க்கும் இணைப்புகள் பல நிரந்தரமாகவே அறுந்து போயிருந்தன.

நம் சட்டத்தின் கவலை வேறு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்கின்றன. தொழிற்சாலை ஊழியருக்கு 8 மணி நேரத்துக்கு 90 என்ற வரம்பு உண்டு. டிரம் வாசிப்பவரோ ஊழியரும் இல்லை, அண்டை வீட்டாரும் இல்லை. புகாருக்குப் பயந்து அடுக்குமாடி வீட்டின் ஜன்னல்களை இறுகச் சாத்திக்கொண்டு வாசிக்கிறார். சுவர்களில் மோதித் திரும்பும் ஒலியும் அவர் காதுக்கே வந்து சேர்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் தூங்குகிறார்.

பஞ்சு அடைத்துக்கொள்வது கிட்டத்தட்ட வீண். கடைகளில் கிடைக்கும் நுரை அடைப்பான் நன்றாகவே காக்கும். ஆனால் கூர்மையான ஒலிகளை அதிகம் விழுங்குவதால் இசை கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். "தாளம் பிடிபடவில்லை" என்று பலர் கழற்றி எறிவதற்கு இதுவே காரணம். இதற்கு மாற்றாக, எல்லா ஸ்வரங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் 15 டெசிபல் குறைக்கும் இசைக் கலைஞர் அடைப்பானை எட்டிமோட்டிக் என்ற அமெரிக்க நிறுவனம் 1988இல் கொண்டுவந்தது. 15 டெசிபல் அற்பமாகத் தோன்றலாம். 100, 85 ஆகிறது. 15 நிமிடம், 8 மணி நேரமாகிறது. சரியாகப் பொருந்தி, வாசிக்கும் நேரம் முழுவதும் காதில் இருந்தால் மட்டும். தனிப் பயிற்சிக்கு வலைத் தோல், மூட்டும் திண்டுகள், பிரஷ் என்று வழிகள் இருக்கின்றன. ஹெட்போனில் பாட்டைச் சத்தமாக வைத்து, அதோடு போட்டி போட்டு அடிப்பதுதான் மோசமான பழக்கம்.

காதைச் சோதிக்கப் போவதற்கும் நாள் பார்க்க வேண்டும். குறைந்தது 14 மணி நேரம் சத்தமில்லாமல் இருந்தால்தான் தற்காலிக மந்தம் விலகி உண்மை நிலை தெரியும். ஞாயிறு இரவு கச்சேரி என்றால் செவ்வாய்க்கிழமை காலை போவது உத்தமம்.