பெயரில்லாத பிக்கப்பை இனங்காண்பது எப்படி?



மெல்லிசைக் குழுவில் பேஸ் கித்தாரின் ஒலியைத் தனியே கவனிப்பவர் சிலரே. ஆனால், அது நின்றுபோனால் பாட்டே வெறுமையாகிவிடும். அந்தக் கருவிக்குக் குரல் கொடுப்பது, தந்திகளுக்கு அடியில் பொருத்தப்பட்டிருக்கும் ‘பிக்கப்’ என்னும் உறுப்பாகும். அது பழுதாகிவிட்டால் மாற்று உறுப்பு வாங்க வேண்டும். பழைய பொருள்களோடு விற்பனைக்கு வருபவற்றுள் பலவற்றில் பெயரும் இராது; எண்ணும் இராது. இளைஞர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொடுத்து வாங்கிய பிறகு, அது பொருந்தவில்லை என்றோ, ஒலிக்கவில்லை என்றோ கண்டால் பயன் என்ன? ஆகவே, பெயரில்லாத பிக்கப்பை நாமே சோதித்து அறியும் வழிகளை இன்று காண்போம்.

முதலில் அது வேலை செய்யும் விதத்தைத் தெரிந்து கொள்வோம். பிக்கப்பினுள் காந்தம் உண்டு. அதைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றப்பட்டிருக்கும். அக்கம்பியின் தடிமன் பெரும்பாலும் 0.06 மில்லி மீட்டர் அளவே. ஏறக்குறைய நம் தலைமுடியைப் போன்றது. எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் மாறுகிறது. சுருளில் சிறு மின்னழுத்தம் பிறக்கிறது. இது 1831-ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் விதியே.

இனி, சோதனைக்கு வருவோம். முதல் சாட்சி வடிவம். லியோ ஃபென்டரின் நிறுவனம் 1951-இல் பிரிசிஷன் பேஸ் என்னும் கித்தாரை வெளியிட்டது. 1957-இல் அதன் பிக்கப் இரு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு துண்டிலும் நான்கு முனைகள். அதாவது தந்திக்கு இரண்டு. 1960-இல் வந்த ஜாஸ் பேஸில் மெல்லிய, நீண்ட பிக்கப்புகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் எட்டு முனைகள் ஒரே வரிசையில் இருக்கும். மரபான அமைப்பில் பாலத்தின் அருகில் உள்ளது, கழுத்தின் அருகில் உள்ளதைவிடச் சில மில்லி மீட்டர் நீளமானது. தடித்த முனைகள் நான்கு நான்காக இரு வரிசையில் இருந்தால், 1976-இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே பேஸின் வகையாக இருக்கலாம். ஆகவே, அளவுகோலை எடுத்து நீளத்தையும் திருகுத் துளைகளையும் அளந்து, கித்தாரின் குழியோடு ஒப்பிடுவதே முதல் வேலை.

இரண்டாவது சாட்சி கம்பிகள். இரண்டு கம்பிகள் மட்டும் வந்தால் எளிய அமைப்பு. நான்கு கம்பிகளும் ஒரு காப்பு வலையும் வந்தால், இரு சுருள்களின் முனைகளும் தனித்தனியே வெளியே வந்துள்ளன எனக் கொள்ளலாம். மின்கலத்திற்கு ஒரு கம்பி இருந்தால், உள்ளேயே சிறு ஒலிபெருக்கி உண்டு. அதற்கு இனிச் சொல்லப்போகும் அளவுகள் பொருந்தா.

மூன்றாவது, மல்டிமீட்டர். பிக்கப்பைக் கித்தாரிலிருந்து பிரித்துவிட்டு மின்தடையை அளக்க வேண்டும். பிரிசிஷன் வகை பெரும்பாலும் 10 முதல் 12 கிலோ ஓம் வரை காட்டும். ஜாஸ் வகை 7 முதல் 8.5 வரை. மீட்டர் எதையும் காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது என்று பொருள். மிகக் குறைவாகக் காட்டினால் சுற்றுகள் ஒன்றோடொன்று உரசிக் குறுக்கு இணைப்பு ஏற்பட்டிருக்கலாம். ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். செப்பின் தடை வெப்பத்தோடு கூடும். 20 பாகை செல்சியசில் 10,000 ஓம் காட்டும் சுருள், நம் நாட்டின் 30 பாகை வெப்பத்தில் ஏறக்குறைய 400 ஓம் கூடுதலாகக் காட்டும். எனவே, சிறு வேறுபாட்டைக் கண்டு பொருளைக் குறை சொல்லலாகாது. தடை அதிகமென்றால் ஒலி வலுவானது என்றும் எண்ணிவிடக் கூடாது. மெல்லிய கம்பியும் தடையைக் கூட்டும்.

நான்காவது, திசைகாட்டி. நாம் வகுப்பில் காந்தப் பாடத்திற்கு எடுக்கும் அதே சிறு கருவிதான். அதை முனையின் மேல் காட்டினால், வடக்கு நோக்கும் ஊசி முனை ஈர்க்கப்படும் இடம் தென்முனை. ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்புகளின் காந்த முனைகளும் எதிரெதிராகவும், சுற்றும் திசை எதிராகவும் இருந்தால், இரண்டையும் ஒரே அளவில் திறக்கும்போது மின்சார இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக் கொள்ளும். முனைகள் ஒரே மாதிரி இருந்தால் அந்த நன்மை கிட்டாது.

ஐந்தாவது, தட்டல் சோதனை. முள் அசையும் பழைய மீட்டரை மிகக் குறைந்த நேர்மின் அளவில் வைத்து, எஃகுத் திருப்புளியை முனைமேல் தொட்டு எடுங்கள். தொடும்போது முள் ஒரு பக்கமும், எடுக்கும்போது மறுபக்கமும் சாயும். பழைய பிக்கப்பும் புதியதும், சிக்னல் கம்பியை ஒரே மாதிரி இணைத்திருக்கும்போது, ஒரே பக்கம் சாய வேண்டும். மாறிச் சாய்ந்தால், இரண்டும் சேர்ந்து ஒலிக்கையில் அடித்தளக் குரல் மெலிந்துவிடும். இரு கம்பிகளையும் மாற்றி இணைத்தால் சரியாகும். ஆனால், உலோக மூடி எர்த் கம்பியோடு சேர்ந்திருந்தால் முதலில் அதைப் பிரித்துவிட வேண்டும்.

நேயர்களே, இச்சோதனைகள் எந்த நிறுவனம் செய்தது என்று சொல்லமாட்டா. எந்த வகை, உயிரோடு இருக்கிறதா, நம் கருவிக்கு இசையுமா என்பதைச் சொல்லும். பெயரை எவரும் அச்சிட்டு ஒட்டிவிடலாம். மின்தடையையும் காந்த முனையையும் அப்படி ஒட்டிவிட முடியாது. எனவே, கடைக்குச் செல்லும்போது அளவுகோல், திசைகாட்டி, மீட்டர் மூன்றையும் கையில் கொண்டு செல்லுங்கள். சோதித்த பின்பே பணத்தைக் கொடுங்கள்.