கேப்டான் தாள் சொல்லும் பொய்

எண்ணெய்க் கடைக்குத் தூக்குவாளி கொண்டு போனா, முதல்ல காலி வாளியை எடை போட்டுக் கழிச்சுடுவாங்க. உள்ளே எதை ஊத்துறோமோ அதைப் பொறுத்து வாளியோட எடையே மாறினா? பாசிட்ரான் ஆயுட்கால அளவீட்டில் நிஜமாவே அப்படி ஒரு சிக்கல் இருக்கு.

முதல்ல அடிப்படை. பாசிட்ரான், எலக்ட்ரானின் எதிர்த்துகள். உலோகத்துக்குள்ள போனதும் ஒரு எலக்ட்ரானைச் சந்தித்து அழியும். 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமாக் கதிர்கள் இரண்டு வெளியே வரும். படிக அமைப்பில் ஒரு அணு இல்லாத காலியிடம் இருந்தா, பாசிட்ரான் அங்கே மாட்டிக்கும். அங்கே எலக்ட்ரான் குறைவு, அதனால கொஞ்சம் கூடுதலா வாழும். குறையில்லாத இரும்பில் ஆயுள் சுமார் 108 பைக்கோ செகண்ட். ஓரணுக் காலியிடத்தில் சுமார் 175. ஓட்டை பெருசானா ஆயுளும் கூடும்.

பாசிட்ரானுக்கு மூலம் சோடியம்-22. பாசிட்ரானை விட்ட உடனேயே அது 1275 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமாவையும் விடும். அதுதான் கடிகாரத்தை ஓடவிடும் மணி. 511 வந்தா நிறுத்தும் மணி.

சிக்கல் எங்கே? கதிரியக்க உப்புக் கரைசலை ஒரு சொட்டு, சில மைக்ரான் தடிமனுள்ள கேப்டான் தாளில் காயவைத்து, மடித்து, ஒரே மாதிரியான இரண்டு மாதிரித் துண்டுகளுக்கு நடுவுல வைப்போம். எல்லா பாசிட்ரானும் அந்தத் தாளைத் தாண்டித்தான் போகணும். ஒரு பங்கு அங்கேயே அழிஞ்சுடும். கேப்டானில் ஆயுள் சுமார் 382 பைக்கோ செகண்ட். இரும்பில் இந்த எண்ணைப் பார்த்தா, பல காலியிடங்கள் சேர்ந்த பெரிய ஓட்டைன்னு நினைக்கத் தோணும். இல்லாத ஓட்டையைக் கண்டுபிடிச்சதா ரிப்போர்ட் எழுதிடுவோம்!

சராசரி ஆயுளை வைத்துப் பார்க்கலாம். 10% தாளில் அழிஞ்சா, குறையில்லாத இரும்பே 0.9×108 + 0.1×382 ≈ 135 காட்டும். 8% மட்டும் கழிச்சா 114 வரும்: சுத்தமான இரும்பில் 'குறை' முளைச்சுடும். 15% கழிச்சா 92 வரும். குறையில்லாத இரும்பை விடக் குறைவான ஆயுள் வந்தா, அதிகமா கழிச்சுட்டோம்னு அர்த்தம்.

சரியான பங்கை எப்படிப் பிடிக்கிறது? நல்லா அனீல் செய்த, ஆயுள் தெரிஞ்ச ஒரு மாதிரியை அதே மூலத்தோட அளக்கணும். அதன் ஆயுளையும் கேப்டான் ஆயுளையும் நிலையா வைத்துப் பொருத்தினா, தாளின் பங்கு கிடைக்கும்.

இங்கதான் வாளி எடை மாறுது. அணு எண் அதிகமான உலோகம், பாசிட்ரான்களை அதிகமா திருப்பி அனுப்பும். திரும்பி வர்றது மறுபடியும் தாளைக் கடக்கும். தாளில் அழியும் பங்கு கூடும். அலுமினியத்தில் எடுத்த திருத்தத்தை டங்ஸ்டனுக்குப் போட்டா தப்பாகும்.

அதனால ஒப்பீட்டு மாதிரி அதே உலோகமா இருக்கட்டும். கிடைக்கலைன்னா அணு எண்ணாவது பக்கத்துல இருக்கட்டும். எத்தனை சதவீதம் கழிச்சீங்கன்னு ரிப்போர்ட்டில் கண்டிப்பா எழுதுங்க. படிக்கிறவங்க சரிபார்க்க அது ஒண்ணுதான் வழி.