கூண்டைக் கண்டு மிரளும் நாய்: மறுபடியும் பழக்குவது எப்படி?

ரிங்லெட்டில் நாய் வளர்க்கும் குடும்பங்களுக்கு இந்தச் சங்கடம் புதிதல்ல. நேற்று வரை தானாகவே கூண்டுக்குள் போய்ச் சுருண்டு படுத்த நாய், ஒரு நாள் அதே கூண்டைப் பார்த்ததும் பின்வாங்குகிறது. கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தால் காலை ஊன்றிக்கொள்கிறது. தூக்கி உள்ளே வைத்தால் கம்பியைக் கடிக்கிறது. "இதற்குப் பிடிவாதம் ஏறிவிட்டது" என்று வீட்டார் முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது பிடிவாதம் இல்லை, பயம்.

பயத்துக்குக் காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பல வீடுகளில் கூண்டு காரில் ஏறுவதே நாயை மருத்துவரிடம் கொண்டுபோகும் நாளில்தான். ரிங்லெட்டிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் சாலை நாற்பது கிலோமீட்டருக்கு மேல் வளைந்து வளைந்து போகிறது. மனிதர்களுக்கே வயிற்றைப் புரட்டும் பாதை அது. கூண்டுக்குள் இருக்கும் நாய் ஒவ்வொரு வளைவிலும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரிகிறது; வாந்தி எடுக்கிறது; போய்ச் சேர்ந்ததும் ஊசி குத்துகிறார்கள். அன்று பட்ட துன்பம் முழுவதும் அதன் மனத்தில் கூண்டோடு ஒட்டிக்கொள்கிறது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை அண்டாது என்பார்கள். சூடு கண்ட நாயும் அப்படித்தான்.

பயணம் மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. தீபாவளி, சீனப் புத்தாண்டு இரவுகளில் பட்டாசு வெடிக்கும்போது பூட்டிய கூண்டுக்குள் நடுங்கிய நாயும், செருப்பைக் கடித்ததற்குத் தண்டனையாக உள்ளே தள்ளப்பட்ட நாயும் கூண்டை வெறுக்கும். வயதான நாய்க்கு இடுப்பு மூட்டு வலி வந்தால், குனிந்து உள்ளே நுழைவதே வேதனையாகிவிடும். ஆகவே, நன்றாக இருந்த நாய் திடீரென்று மறுத்தால் முதலில் விலங்கு மருத்துவரிடம் காட்டுவது நல்லது. வலியைப் பயிற்சியால் போக்க முடியாது.

பயம் ஒட்டுவதும் உதிர்வதும்

செரிமானம் பற்றிய ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்ற ரஷ்ய அறிஞர் பாவ்லோவ், நாய்களிடம் ஒன்றைக் கவனித்தார். உணவு வரப்போகிறது என்பதற்கான அடையாளம் தெரிந்தாலே அவற்றுக்கு எச்சில் ஊறியது. ஒன்றோடு ஒன்று சேர்ந்தே வந்தால், நாய் இரண்டையும் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்கிறது. கூண்டோடு துன்பம் சேர்ந்து வந்தால், கூண்டே துன்பமாகிறது.

முடிச்சை அவிழ்க்கும் வழியை 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் காட்டினார். பீட்டர் என்ற சிறுவனுக்கு முயலைக் கண்டால் பயம். அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்து, அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முயலைத் தூரத்தில் வைத்தார்கள். அவன் கலங்காத அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அருகில் கொண்டுவந்தார்கள். கடைசியில் பீட்டர் அந்த முயலைத் தடவிக் கொடுத்தான். இன்று நாய்ப் பயிற்சியாளர்கள் கையாளுவதும் இதே முறையைத்தான். பயமூட்டும் பொருள் சிறு அளவில் வர வேண்டும்; கூடவே பிடித்த பொருளும் வர வேண்டும்.

அமைதி எல்லாம் நிம்மதி ஆகாது

"கொஞ்ச நேரம் கத்தும், பிறகு தானாக அடங்கிவிடும்" என்பது பலர் சொல்லும் யோசனை. ஆபத்தான யோசனையும் இதுதான். 1967இல் அமெரிக்காவில் செலிக்மன், மையர் என்ற இரு ஆய்வாளர்கள் நாய்களை வைத்துச் செய்த சோதனை, படிக்கவே மனத்தை வருத்துவது. தப்பவே முடியாத நிலையில் மின்னதிர்ச்சி கொடுக்கப்பட்ட நாய்களில் பெரும்பாலானவை, பிறகு தப்பிக்க வழி இருந்த இடத்திலும் முயற்சி செய்யாமல் அப்படியே படுத்துவிட்டன. என்ன செய்தாலும் பயனில்லை என்று அவை கற்றுக்கொண்டிருந்தன.

விண்வெளிக்குப் போன லைக்காவின் கதையும் இதற்குப் பக்கத்தில் நிற்கிறது. மாஸ்கோ தெருவில் திரிந்த அந்த நாயையும் அதன் கூட்டாளிகளையும் சிறு கலத்துக்குப் பழக்குவதற்காக, படிப்படியாகச் சிறிதாகும் கூண்டுகளில் இருபது நாள் வரை அடைத்து வைத்தார்கள். அவை அமைதி இழந்தன. சிறுநீர், மலம் கழிப்பதையே நிறுத்திக்கொண்டன. 1957 நவம்பர் 3இல் லைக்கா புறப்பட்டது. கலம் சூடேறிச் சில மணி நேரத்திலேயே அது இறந்துவிட்டது என்ற உண்மை 2002இல்தான் உலகுக்குத் தெரியவந்தது.

ஆக, கத்தி ஓய்ந்து படுத்த நாய் நிம்மதியாகத்தான் இருக்கிறது என்று சொல்வதற்கில்லை. அதன் உடலைப் பார்க்க வேண்டும். வெயில் இல்லாமலே மூச்சிரைப்பு, அடிக்கடி கொட்டாவி, உதட்டை நக்குவது, கண்ணில் வெள்ளை தெரியப் பார்ப்பது, வாலை இடுக்கிக்கொள்வது, காது பின்னால் படிவது ஆகியவை பயத்தின் அடையாளங்கள். பக்கவாட்டில் சாய்ந்து, காலை நீட்டி, கண்ணைச் சொக்கிக்கொண்டு படுத்தால்தான் அது நிம்மதி.

படிப்படியாகப் பழக்கும் முறை

முதலில் கூண்டை நன்றாகக் கழுவ வேண்டும். பழைய வாந்தி வாடை நமக்குத் தெரியாவிட்டாலும் நாய்க்குத் தெரியும். பழைய விரிப்பை மாற்றி, வீட்டார் உடுத்திய பழைய சட்டை ஒன்றை உள்ளே போடலாம். மலைக்குளிருக்கு அடியில் தடித்த விரிப்பும் வேண்டும். கூண்டைப் பின்கட்டில் ஒதுக்காமல், குடும்பத்தார் உட்காரும் இடத்தில் வைக்க வேண்டும். கதவைக் கழற்றிவிடலாம், முடியாவிட்டால், ஆடாமல் திறந்தே இருக்கும்படி கயிற்றால் கட்டிவிடலாம். கதவு 'டங்' என்று அடிக்கும் ஒரு சத்தமே மூன்று நாள் உழைப்பைக் கெடுத்துவிடும்.

பிறகு உணவு. நாய் எந்த இடத்தில் நின்றால் தயங்காமல் சாப்பிடுகிறதோ, அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அது கூண்டிலிருந்து பத்து அடி தள்ளியிருந்தாலும் சரி. வேளைக்குக் கொஞ்சமாகத் தட்டை நகர்த்தி, வாசலுக்கும், வாசலைத் தாண்டி உள்ளேயும் கொண்டுபோகலாம். இடையில் உப்பில்லாமல் அவித்த கோழித்துண்டை உள்ளே போட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் விலகிவிட வேண்டும். நாய் எட்டி எடுத்துக்கொண்டு வெளியே ஓடினால் ஓடட்டும். வெளியே வரலாம் என்ற நம்பிக்கைதான் அதை மறுபடியும் உள்ளே அனுப்பும்.

தயங்காமல் முழு உடலும் உள்ளே போய்ச் சாப்பிடத் தொடங்கிய பிறகே கதவைத் தொட வேண்டும். சாப்பிடும்போது ஒரு நொடி மூடி, உடனே திறந்துவிடலாம். அடுத்து ஐந்து நொடி, பத்து நொடி, அரை நிமிடம். சாப்பிட்டு முடித்து நாய் கேட்பதற்கு முன்பே கதவு திறக்க வேண்டும். பின்னர் பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து நிமிடம். அதன் பிறகு அடுத்த அறை வரை போய் வருவது. எந்த இடத்தில் நாய் முனகுகிறதோ, அங்கே நாம் அவசரப்பட்டுவிட்டோம் என்று பொருள். திட்டாமல், கதவைத் திறந்து, மறுமுறை ஒரு படி இறங்கித் தொடங்க வேண்டும். சில நாய்களுக்கு ஒரு வாரம் போதும். சிலவற்றுக்கு மாதங்கள் ஆகும். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்.

காருக்கும் இதே பாடம்தான். முதலில் நிற்கும் காரில் கூண்டு, பிறகு எஞ்சின் ஓடும் காரில், பிறகு தெருமுனை வரை. கூண்டு வழுக்காமல் கட்டப்பட வேண்டும். வாந்தி எடுக்கும் நாய்க்குப் பயணத்துக்குச் சில மணி நேரம் முன்பிருந்தே உணவைத் தவிர்க்கலாம். மருத்துவர் தரும் வாந்தித் தடுப்பு மாத்திரையும் உண்டு. மனிதர்களுக்கான மருந்தை நாமாகக் கொடுக்கக் கூடாது.

ஆள் இல்லாத தனிமையையே தாங்க முடியாத நாய்களும் உண்டு. அவை கம்பியைக் கடித்துப் பல்லையும் நகத்தையும் உடைத்துக்கொள்ளும். அத்தகைய நாயைப் பூட்டுவது நோயை வளர்க்கும். அதற்கு மருத்துவர் உதவிதான் வேண்டும்.

கூண்டு எதற்கு?

நாய் நிமிர்ந்து நிற்கவும், திரும்பவும், காலை நீட்டிப் படுக்கவும் இடம் இருந்தால்தான் அது கூண்டு. வேலைக்குப் போகும் நேரம் முழுவதும் அடைத்து வைக்க அது கிட்டங்கி இல்லை. பகலில் சில மணி நேரம் தாண்டினால் வளர்ந்த நாய்க்கும் கொடுமைதான். விலங்கை வதைத்தவருக்கு 1953ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பல்லாண்டுகள் 200 வெள்ளிதான் அபராதம் இருந்தது. 2017இல் நடப்புக்கு வந்த விலங்கு நலச் சட்டம் அதை 20,000 முதல் 100,000 வெள்ளி வரை உயர்த்தியது. மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. நாய்க்குத் தகுந்த இருப்பிடம் தருவது உரிமையாளரின் கடமை என்றும் அச்சட்டம் சொல்கிறது.

அப்படியானால் கூண்டே வேண்டாம் என்று ஒதுக்கிவிடலாமா? ரிங்லெட்காரர்கள் அப்படிச் சொல்லிவிட முடியாது. 2013 அக்டோபர் 23 அதிகாலையில் சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது, பெர்த்தாம் வேலியில் சேறும் வெள்ளமும் வீடுகளுக்குள் புகுந்து உயிர்களைப் பறித்தன. அடுத்த ஆண்டு நவம்பரில் மறுபடியும் சேற்று வெள்ளம். இத்தகைய இரவில் வீட்டை விட்டு வெளியேறக் கிடைப்பது சில நிமிடங்களே. 2005இல் அமெரிக்காவின் கத்ரீனா புயலின்போது, பிராணிகளை விட்டு வர மனமில்லாமல் பலர் வீட்டிலேயே தங்கி ஆபத்தில் சிக்கினார்கள். அடுத்த ஆண்டே, மீட்புத் திட்டங்களில் வளர்ப்புப் பிராணிகளுக்கும் இடம் இருக்க வேண்டும் என்று அந்த நாடு சட்டம் இயற்றியது. அவசர நேரத்தில் கூண்டுக்குள் தானாக ஏறும் நாய் குடும்பத்தோடு தப்பும். கட்டிலுக்கு அடியில் ஒளியும் நாய் பின்தங்கிவிடும். அதைத் தேடி நிற்பவருக்கும் ஆபத்து.

மழைக்காலம் தொடங்குமுன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கூண்டின் கதவைத் திறந்து வைத்துவிட்டு, யாரும் கூப்பிடாமல் இருக்க வேண்டும். வீட்டில் எங்கு வேண்டுமானாலும் படுக்கலாம் என்ற நிலையிலும் நாய் அங்கே போய்ப் படுத்தால் பழக்கம் திரும்பிவிட்டது. இல்லையென்றால், தட்டை இன்னும் ஓர் அடி வெளியே வைத்து மறுபடியும் தொடங்க வேண்டியதுதான்.