ஒரே சாவி, இரண்டு கணனி

மாத்தளையில் மிளகும் கராம்பும் நிறுப்பவர்கள் மத்தியில் என் தொழிலை விளங்கப்படுத்துவது சிரமம். வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் எதேரியம் சரிபார்ப்புக் கணனிகளை மாதக் கூலிக்குப் பராமரிக்கிறேன். நாணயம் வாங்குவதுமில்லை, விற்பதுமில்லை.

2022 செப்டெம்பர் 15 முதல் எதேரியத்தின் கொடுக்கல் வாங்கலைச் சரிபார்ப்பவர்கள், குறைந்தது 32 ஈதரைப் பிணை வைத்தவர்களே. அந்த மென்பொருளை டொக்கர் கொள்கலனில் இட்டுவைத்தால், ஒரு கணனி பழுதானாலும் இன்னொன்றில் விரைவாக இயக்கலாம். ஆபத்தும் அதில்தான். ஒரே சாவி ஈரிடத்தில் இயங்கி, முரணான இரு கையொப்பங்கள் விழுந்தால், பிணையில் ஒரு பகுதி பறிபோகும், சரிபார்ப்பிலிருந்தும் நீக்கிவிடுவார்கள்.

2025 பெப்ரவரி 9, பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு புகுந்து நாடே இருளானதாகச் சொன்ன ஞாயிறு. நான் அக்குறணையில் கல்யாண வீட்டில். கணனி உக்குவளையில் என் வீட்டில். "வாடகைக் கணனியில் உடனே இயக்குங்கள்" என்றார் வாடிக்கையாளர். மறுத்தேன். மின்சாரம் வந்ததும் வீட்டுக் கொள்கலன் தானாக எழும்பிவிடுமே! சும்மா நின்றால் அந்த நேரத்து வருமானமும், ஏறத்தாழ அதேயளவு தண்டமும் மட்டுமே நட்டம். சாவியோ அமானிதம்.

வீடு திரும்பியதும் தானாக எழும்பும் வசதியை நிறுத்தினேன். அவர் அம்மாதக் கூலியில் ஒரு நாளைக் கழித்தே அனுப்பினார்.